அலகையின் இசையா, அயலாரின் இசையா?

இறைவனுக்கு உகந்த இசை எது, உலகியல் இசை எது என்னும் வினா திருச்சபையில் இன்று நேற்று எழுந்ததன்று. புனித அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிடும் நூலின் பத்தாம் பகுதியில் இதைக் குறித்துத் தம்மோடு தாமே வழக்காடுகிறார். மிலான் நகர ஆலயத்தில் பாடல்களைக் கேட்டுக் கண்ணீர் விட்ட நாள்களை நன்றியோடு நினைவுகூரும் அவரே, பாடலின் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை மிகுதியாக ஈர்க்கும்போது தாம் பிழை செய்வதாக அஞ்சுகிறார். இன்னிசை முழுவதையும் ஆலயத்தை விட்டு அகற்றிவிடலாமா என்றுகூட எண்ணிப் பார்க்கிறார். இறுதியில் இசையின் பயனை ஏற்றுக்கொள்கிறார். ஆயினும் அந்த அச்சம் அவரை விட்டு முற்றிலும் அகல்வதில்லை.

அதே அச்சம் நெடுங்காலம் திருச்சபையோடும் நடந்து வந்துள்ளது. 1903 ஆம் ஆண்டு திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் ஆலய இசை பற்றி விடுத்த மடல், கிரகோரியார் இசைக்கு முதலிடம் தந்து, பியானோவையும் முரசு, கைத்தாளம் முதலிய ஓசை மிகுந்த கருவிகளையும் ஆலயத்துள் விலக்கியது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1963 இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிரகோரியார் இசையின் முதன்மையையும் குழல் ஆர்கனின் சிறப்பையும் காத்துக்கொண்டே, மக்களினங்களின் மரபிசைக்கு உரிய மதிப்பை அளித்து, வழிபாட்டுக்குத் தகுதியுள்ள பிற கருவிகளுக்கும் வாயிலைத் திறந்தது. வாயில் திறந்துவிட்டது. ஆனால், எது தகுதி என்னும் வினா இன்னும் வாயிற்படியிலேயே நிற்கிறது.

இவ்வினாவை ஏடுகளில் படிப்பதோடு நில்லாமல் செவியாலும் ஆராய விரும்புவோருக்கு ஓர் இசைத்தொகுப்பை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் பெயர் ‘யூ வின் அகெய்ன்’; ‘மீண்டும் நீயே வென்றாய்’ என்று பொருள் கொள்ளலாம். வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரைச் சேர்ந்த வான் மாரிசனும், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த லிண்டா கெய்ல் லூயிஸும் இணைந்து பாடியது. 13 பாடல்கள் கொண்ட இத்தொகுப்பில் பக்திப் பாடல் ஒன்றுகூட இல்லை. காதலும் பிணக்கும் விருந்தும் ஆட்டமுமே பாடுபொருள்கள். அவ்வாறிருக்க, இறைமக்கள் படிக்கும் இதழில் இதற்கு இடம் ஏன்? இப்பாடல்கள் பிறந்த வீடும் ஊரும் அகுஸ்தினாரின் வழக்கைத் தம் வாழ்வில் நடத்தியவை என்பதே காரணம்.

இசையும் இசைப்போரும்

1950-களில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பிறந்த ஓர் இசைவகைக்கு ராக்கபில்லி என்று பெயர். ‘ராக்’ என்பதும் ‘ஹில்பில்லி’ என்பதும் சேர்ந்த கூட்டுச்சொல் அது. ஹில்பில்லி என்பது மலைப்புறத்து ஏழை வெள்ளையரை நகரத்தார் ஏளனமாகச் சுட்டிய சொல். அம்மக்களின் நாட்டுப்புறப் பாட்டும், கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையும் ஒன்றோடொன்று மோதிக் கலந்தபோது எழுந்ததே ராக்கபில்லி. டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்ஸ் என்பவர் நடத்திய ‘சன்’ என்னும் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் அதன் தொட்டில். 1954 இல் எல்விஸ் பிரெஸ்லி அங்கேதான் முதற்புகழ் பெற்றார். ஆளுயர வயலின் போன்ற பாஸ் கருவியின் நரம்புகளைப் பலகையில் அறைந்து எழுப்பும் தாளம், குரலுக்குப் பின்னே உடனே திரும்பி வரும் எதிரொலி, மூச்சுவிட இடங்கொடாத விரைவு ஆகியன இதன் அடையாளங்கள். கருவிகள் சில, பாடல்கள் குறுகியவை.

லிண்டா கெய்ல் 1947 இல் லூசியானாவின் பெரிடே என்னும் சிற்றூரில் பிறந்தவர். ராக்கபில்லியின் பெரும்புகழ் பியானோக் கலைஞர் ஜெர்ரி லீ லூயிஸின் தங்கை. அண்ணனோடு மேடைகளில் பாடி வளர்ந்து, 1969 இல் அவருடன் இணைந்து ஒரு தனித்தொகுப்பும் பாடியவர். வான் மாரிசன் 1945 இல் பெல்பாஸ்டின் கிழக்குப் பகுதியில் புரோட்டஸ்டண்டு உழைப்பாளர் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தை கப்பல் கட்டும் தளத்தில் பணிபுரிந்தார்; தாய் சில காலம் யெகோவாவின் சாட்சிகள் குழுவில் இருந்தவர். தொகுப்பு வெளிவந்தபோது மாரிசனுக்கு வயது 55, லிண்டாவுக்கு 53. வேல்ஸ் நாட்டு இசைக்குழு ஒன்று பின்னணி இசைத்தது. ஆக, அயர்லாந்துத் தீவின் குரலும் அமெரிக்கத் தென்மாநிலக் குரலும் வேல்ஸ் நாட்டவரின் வாத்தியங்களோடு சேர்ந்து மெம்பிஸின் பழைய இசையை மீட்டெடுத்தன எனலாம்.

ஓர் இசைத்தட்டின் இரு பக்கங்கள்

பெரிடேயில் லூயிஸ் குடும்பம் ஏழைக் குடும்பம். மகனின் விரல்களில் இருந்த வரத்தைக் கண்ட தந்தை, வீட்டை அடகு வைத்துப் பழைய பியானோ ஒன்று வாங்கித் தந்தார். குடும்பத்தார் சென்ற ஆலயம் ‘அசெம்பிளி ஆஃப் காட்’ என்னும் பெந்தக்கோஸ்து சபையைச் சார்ந்தது. கைதட்டலும் கண்ணீரும் ஆவேசப் பாடலும் நிறைந்த வழிபாடு அது. கத்தோலிக்க ஆலயங்களுக்குள் நுழைய முடியாத பியானோ, அங்கே பீடத்தருகே அமர்ந்திருந்தது. ஆனால், அதே சபை ஆலயத்துக்கு வெளியே ஒலித்த இசையை, அதாவது மதுக்கடையில், நடன அரங்கில், வானொலியில் ஒலித்த இசையை, அலகையின் இசை என்று ஒதுக்கியது. இளைஞர் ஜெர்ரி லீ போதகராக எண்ணி டெக்சாஸ் மாநிலத்து விவிலியக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தார். அங்கே பக்திப் பாடல் ஒன்றைப் பூகி-வூகி என்னும் ஆட்ட நடையில் வாசித்தமையால் வெளியேற்றப்பட்டார். சொற்கள் இறைவனைப் பற்றியவை. விரல்களின் நடையோ வேறிடத்தைச் சேர்ந்தது. அகுஸ்தினாரின் ஐயம் இங்கே தண்டனையாக மாறியது.

1957 இல் சன் ஒலிப்பதிவுக் கூடத்தில் நிகழ்ந்ததை இசை வரலாற்றாசிரியர்கள் பலரும் குறிப்பிடுவர். ‘கிரேட் பால்ஸ் ஆஃப் பையர்’ என்னும் பாடலைப் பதிவு செய்யும் வேளை. நெருப்புக் கோளங்களைப் பேசும் அத்தலைப்பு, பெந்தக்கோஸ்து நாளில் சீடர்மீது இறங்கிய நெருப்பு நாவுகளை அச்சபையில் வளர்ந்தவருக்கு நினைவூட்டாமல் இராது. திடீரென்று ஜெர்ரி லீ பாட மறுத்து வாதிடத் தொடங்கினார். மனிதர் முழுமையாக இறைவன் பக்கம் நிற்க வேண்டும், இல்லையேல் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும், இடைநிலை இல்லை என்பது அவர் வாதம். இசையாலும் மாந்தருக்கு நன்மை செய்யலாம், ஆன்மாக்களைக் காக்கலாம் என்பது சாம் பிலிப்ஸின் மறுமொழி. அலகையைத் தன்னுள் கொண்டவன் எவ்வாறு ஆன்மாக்களைக் காப்பான் என்று கலங்கினார் அந்த 22 வயது இளைஞர். ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது, வாதம் முழுவதும் பதிவாகிவிட்டது. பின்னர் அவர் பியானோவுக்குத் திரும்பினார். பாடல் உலகெங்கும் பரவியது.

நாம் கவனிக்க வேண்டியது, அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தை. அதில் இடம் பெற்ற பாடல்தான் ‘யூ வின் அகெய்ன்’. ஹாங்க் வில்லியம்ஸ் என்னும் கவிஞர்-பாடகர் 1952 ஜூலையில், மணமுறிவு உறுதியான மறுநாள் பதிவு செய்த பாடல் அது. துரோகம் செய்தவரை வெறுக்கவும் இயலாமல், விட்டு விலகவும் இயலாமல், தோல்வியை ஒப்புக்கொள்ளும் மனத்தின் புலம்பல். அடுத்த ஆண்டின் முதல் நாளே, 29 ஆம் வயதில், வில்லியம்ஸ் மறைந்தார். ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் சாம்பல் என்று சொல்லத்தக்க அந்த இசைத்தட்டு வெளிவந்தபோது தங்கை லிண்டாவுக்கு வயது பத்து. 43 ஆண்டுகளுக்குப் பின் அவர் தம் தொகுப்புக்குப் பெயராக ஏற்றது நெருப்பின் பெயரையன்று, மறுபக்கத்துப் புலம்பலின் பெயரை. இத்தேர்வு தற்செயலாகவே அமைந்திருக்கலாம். எனினும் கேட்போருக்கு அது ஒரு திறவுகோல்.

இரு குரல்களின் உறவு

இனி, பாடல்களுக்கு வருவோம். தொகுப்பு, ஓட்டிஸ் பிளாக்வெல் இயற்றி 1959 இல் ஜெர்ரி லீ பாடிய பாடலோடு தொடங்குகிறது. நம்மைப் பற்றிப் பேசுவோம் வா என்று இருவர் அழைத்துக்கொள்வதாக அமைந்த அப்பாடல், இத்தொகுப்புக்கு நல்ல முன்னுரை. மாரிசனின் குரல் தடித்தது; சொற்களைக் கடித்துத் துண்டாக்கி, தாளத்துக்குச் சற்று முன்னோ பின்னோ எறிவது அவர் வழக்கம். லிண்டாவின் குரல் மெருகேறாதது. மூக்கொலி கலந்த தென்மாநில உச்சரிப்பில் நேராக வந்து விழுவது. பியானோவும் அவருடையதே. அண்ணனின் வலக்கை அதில் கேட்கிறது. ஆனால், அண்ணனின் ஆவேசம் கேட்கவில்லை.

இவ்விரு குரல்களும் இயல்பாகப் பொருந்துவன அல்ல. பயிற்சி பெற்ற பாடகர் குழுவினர் கேட்டால், ஒலியளவு ஒத்துப்போகவில்லை, சொல் முடியும் இடம் ஒன்றாக இல்லை என்று குறை காண்பர். அக்குறைகள் உண்மையே. பல இடங்களில் ஒத்திகை போதாதது போன்ற தோற்றம் உண்டு. ‘ஜம்பலாயா’, ‘காடிலாக்’ போன்ற பாடல்களில் பழகிய தாளம் தானாக உருண்டோட, பாடுவோர் அதன்மேல் அமர்ந்து பயணம் செய்வது போலவே உள்ளது. இன்பம் இருக்கிறது, தேடல் இல்லை. மூலப்பாடலைக் கேட்டவர்கள் இவற்றை மறுமுறை நாடிச் செல்வது அரிது.

ஆனால், ‘யூ வின் அகெய்ன்’, ‘கிரேசி ஆர்ம்ஸ்’ ஆகிய பாடல்களில் நிலைமை மாறுகிறது. இவை தனியொருவர் புலம்பலாக எழுதப்பட்டவை. ஏமாற்றப்பட்டவர் ஒருவர், ஏமாற்றியவர் அங்கே இல்லை. இங்கோ ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுகின்றனர். ஏமாற்றியவர் யார், ஏமாந்தவர் யார் என்னும் கணக்கு அங்கே கலைந்துபோகிறது. இருவருமே தோற்றவர்கள் போலவும், இருவருமே மற்றவர் வென்றதாக ஒப்புக்கொள்வது போலவும் ஒலிக்கிறது. குற்றச்சாட்டாக இருந்த பாடல் பொது ஒப்புதலாக மாறுகிறது. திருப்பலித் தொடக்கத்தில் நாம் அனைவரும் சேர்ந்து ‘என் பாவமே’ என்று சொல்லும்போது நிகழ்வதும் இத்தகைய மாற்றம்தானே? தனியே சொன்னால் அவமானமாக இருப்பது, சேர்ந்து சொல்லும்போது உறவாகிறது. பாடியவர்கள் இதை எண்ணியிருக்க வேண்டும் என்பதில்லை. இரு குரல்கள் ஒரு புலம்பலைப் பகிர்ந்துகொள்ளும்போது இசை தானே செய்யும் பணி அது. ஒருவர் மற்றவருக்குச் செவி கொடுத்துப் பாடும் இவ்விடங்களே இத்தொகுப்பின் உயிர்.

வேலிக்கு அப்பால் கேட்ட இசை

பெரிடே ஊரில் ‘ஹேனிஸ் பிக் ஹவுஸ்’ என்றொரு கேளிக்கை விடுதி இருந்தது. கறுப்பின மக்களுக்கு உரியது. நிறப்பாகுபாட்டுச் சட்டங்கள் நிலவிய காலம். சிறுவர் ஜெர்ரி லீயும் அவர் உறவினர் ஜிம்மி சுவாகர்ட்டும் அங்கே மறைந்து நின்று ப்ளூஸ் கேட்டனர். பிற்காலத்தில் ஒருவர் ராக்கபில்லிக் கலைஞர் ஆனார். மற்றவர் தொலைக்காட்சி வழியே உலகறிந்த பெந்தக்கோஸ்து போதகர் ஆனார். இருவரும் வாசித்த பியானோ நடை ஏறத்தாழ ஒன்றே. ஒருவர் கையில் அது அலகையின் இசை. மற்றவர் கையில் ஆவியின் இசை.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். அலகையின் இசை என்று அச்சபை எதைச் சொன்னது? மதுவையும் ஒழுக்கக்கேட்டையும் கண்டித்தது என்று மட்டும் கொண்டால் நாம் பாதியைத்தான் புரிந்துகொண்டோம். அந்த இசை வேலிக்கு அப்பால் வாழ்ந்த மக்களின் இசை. அவர்களோடு ஒரே மேசையில் உண்ணக் கூடாது, ஒரே இருக்கையில் அமரக் கூடாது என்றிருந்த சமூகம், அவர்களுடைய தாளத்தைத் தன் ஆலயத்தில் கேட்க நேர்ந்தபோது அதற்கு அலகையின் பெயரைச் சூட்டியது. புனிதத்தின் எல்லை என்று கருதப்பட்ட கோடு, பல இடங்களில் நிறத்தின் எல்லையோடு ஒட்டியே சென்றது. அலகையினுடையது என்று விலக்கப்பட்டது பெரும்பாலும் அயலாருடையதே.

‘யூ வின் அகெய்ன்’ தொகுப்பின் பாடல்களில் ஏறத்தாழப் பாதி கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகள். ஜான் லீ ஹூக்கர், போ டிட்லி, ஸ்மைலி லூயிஸ், ஓட்டிஸ் பிளாக்வெல் ஆகியோரின் பாடல்கள் ஹாங்க் வில்லியம்ஸின் பாடல்களுக்கு அருகே அமர்ந்திருக்கின்றன. ஒரு காலத்தில் ஒரே உணவகத்தில் அமர இயலாதிருந்த இம்மரபுகள் இங்கே ஒரே பந்தியில் உள்ளன. இது இத்தொகுப்பின் பெருமை. ஆனால், அப்பெருமைக்குள் ஒரு முள்ளும் உண்டு. ஸ்டீபன் பாஸ்டர் என்னும் வெள்ளையர் 1860 இல், அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய ஆண்டில் இயற்றிய ‘ஓல்ட் பிளாக் ஜோ’ பாடலும் இதில் உண்டு. சாவை எதிர்நோக்கும் முதிய அடிமை ஒருவரின் குரலாக அது எழுதப்பட்டது. அடிமைக்கு இரக்கம் காட்டுகிறது. அடிமைத்தனத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஜெர்ரி லீ முன்னரே பாடிய பாடல் என்னும் உரிமையில், இருவரும் அதை ஆட்டத்துக்குரிய மெட்டாகவே எடுத்துக்கொள்கின்றனர். யாருடைய துயரத்தின்மீது கால் வைத்து ஆடுகிறோம் என்னும் நினைவு அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. இத்தொகுப்பின் மிகப் பெரிய குறை இதுவே. நீதியை மறந்த மக்களின் பாடல்களையும் யாழிசையையும் ஆண்டவர் கேட்க மறுக்கிறார் என்று இறைவாக்கினர் ஆமோஸ் முழங்குகிறார். அவர் கண்டித்தவை ஆலயத்தில் பாடப்பட்ட பாடல்கள் என்பதை மறக்கலாகாது. இடம் புனிதமாக இருந்தும், சொற்கள் புனிதமாக இருந்தும், அயலாரை மறந்தமையால் அவ்விசை தள்ளப்பட்டது.

பெல்பாஸ்டின் பங்கு

மாரிசன் இந்த இசைக்கு வந்த வழி வேறு. அவர் தந்தை சில காலம் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பணிபுரிந்தவர். ப்ளூஸ் இசைத்தட்டுகளை ஆர்வத்தோடு சேர்த்தவர். ஹூக்கர் 1948 இல் ‘பூகி சில்லன்’ பாடலைப் பதிவு செய்ததும் அதே டெட்ராய்டில்தான். ஆகவே பெல்பாஸ்டின் சிறிய வீடொன்றில் வளர்ந்த சிறுவருக்கு, மிசிசிப்பியில் பிறந்து டெட்ராய்டில் குடியேறிய கறுப்பினத்தவரின் பாட்டு வீட்டுப் பாட்டாகவே இருந்தது. அவர் வேலிக்கு வெளியே ஒளிந்து நின்று கேட்கவில்லை. தந்தையின் அருகே அமர்ந்து கேட்டார். லிண்டாவின் வீட்டில் குற்ற உணர்வோடு நுழைந்த இசை, மாரிசனின் வீட்டில் விருந்தினராக நுழைந்தது.

பெல்பாஸ்டுக்கும் வேலிகள் உண்டு. கத்தோலிக்கரும் புரோட்டஸ்டண்டாரும் தனித்தனித் தெருக்களில் வாழ்ந்து, முப்பது ஆண்டுகள் இரத்தம் சிந்திய நகரம் அது. 1998 இல் புனித வெள்ளி உடன்படிக்கை ஏற்பட்டு இரண்டாண்டுகள் கழித்தே இத்தொகுப்பு வெளிவந்தது. அந்நகரில் ஒருவர் பாடும் பக்திப் பாடலைக் கேட்டே அவர் எந்தத் தெருவினர் என்று ஊகிக்க முடிந்த காலம் இருந்தது. மாரிசன் பக்திப் பாடலுக்குப் புறம்பானவர் அல்லர். 1991 இல் வெளிவந்த தம் தொகுப்பொன்றில் பழைய ஐரிஷ் திருப்பாடல் ஒன்றை உளமுருகப் பாடியவர். என்றாலும், யாருடைய ஆலயத்துக்கும் உரியதல்லாத அமெரிக்க ஆட்ட இசை, அவருடைய தலைமுறையினர் பலருக்குத் தெருவின் எல்லையைத் தாண்டிச் செல்லும் பாதையாக இருந்திருக்கும். சமயத்தின் பெயரால் மனிதரைப் பிரிக்கும் இசையும் உண்டு. சமயத்தின் பெயரைச் சொல்லாமலே அவர்களைச் சேர்க்கும் இசையும் உண்டு என்பதைக் கிறித்தவர்களாகிய நாம் தாழ்மையோடு ஏற்க வேண்டும்.

அச்சம் நீங்கிய பின்

எனினும் இத்தொகுப்பைக் கேட்டு முடித்தபின் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. 1957 இன் ஜெர்ரி லீயை இன்றும் கேட்கையில் உள்ளம் நடுங்குகிறதே, அது எதனால்? தாம் செய்வது தம் ஆன்மாவை அழித்துவிடுமோ என்று உண்மையாகவே அஞ்சிய ஒருவரின் விரல்கள் அவை. அந்த அச்சமே அவர் இசைக்குக் கூர்மை தந்தது. 2000 இல் தங்கையும் பெல்பாஸ்ட் நண்பரும் பாடும்போது அச்சம் இல்லை. நரகத்தைப் பற்றிய கவலை நீங்கிய இடத்தில் இளைப்பாறல் வந்து அமர்ந்திருக்கிறது. இது விடுதலையா, வெறும் வசதியா?

இரண்டும் உண்டு என்பதே என் முடிபு. அச்சம் போன இடத்தில் அன்பு வந்து அமர்ந்தால் அது விடுதலை. திருத்தூதர் யோவான் முதல் திருமுகத்தில் கற்பிப்பதும் இதுவே; நிறைவான அன்புதான் அச்சத்தை வெளியேற்ற வல்லது. வேறெதுவும் வெளியேற்றினால், வீடு வெறுமையாகத்தான் கிடக்கும். ‘யூ வின் அகெய்ன்’ பாடலில் இருவரும் ஒருவருக்கொருவர் இடம் விட்டுப் பாடும்போது வீடு நிறைந்திருக்கிறது. ‘ஓல்ட் பிளாக் ஜோ’ பாடலில் அது வெறுமையாக இருக்கிறது. ஒரே தொகுப்பில், ஒரே பாடகர் வாயில், இவ்விரு நிலைகளும் உள்ளன.

இசையில் கண்ட இணக்கம் வாழ்வில் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தொகுப்பு வெளிவந்த குறுகிய காலத்தில் இருவரும் கசப்போடு பிரிந்தனர். லிண்டாவின் முறையீடு தீர்ப்பாயம் வரை சென்று, பின்னர் திரும்பப் பெறப்பட்டது. இதனால் அவர்கள் பாடியது பொய் ஆகிவிடாது. நாமும் சமாதானம் சொல்லிக் கைகுவித்துவிட்டு, ஆலய வாயிலைத் தாண்டியதும் சண்டையிடுகிறோம். அதனால் சமாதானம் பொய்யாகிவிடவில்லை. ஆனால், பாட்டு நம்மைக் காப்பாற்றிவிடும் என்று நம்புவோருக்கு இது ஓர் எச்சரிக்கை. இணக்கம் எவ்வாறு ஒலிக்கும் என்பதை இசை நமக்குக் காட்டும். அதன்படி வாழ்வது நம் கடன்.

ஜெர்ரி லீயின் வழக்கு எவ்வாறு முடிந்தது? 2022 இல், பக்கவாதத்தால் தாக்கப்பட்ட முதுமையில், அவர் ஜிம்மி சுவாகர்ட்டோடு சேர்ந்து பக்திப் பாடல்களின் தொகுப்பொன்றை வெளியிட்டார். ஹேனியின் விடுதிக்கு வெளியே ஒன்றாய் நின்று கேட்ட இரு சிறுவரும் எண்பது வயதைக் கடந்தபின் மீண்டும் ஒன்றாய்ப் பாடினர். அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்ரி லீ மறைந்தார். 2025 இல் சுவாகர்ட்டும் மறைந்தார். ஒருவர் மேடைக்கும் மற்றவர் மறையுரைக்கும் என்று பிரித்துக்கொண்ட பியானோ இறுதியில் ஒன்றாகவே இருந்தது.

நம் பாடகர் குழுக்களுக்கு

இந்த வழக்கு கடல் கடந்த ஊர்களுக்கு மட்டும் உரியதன்று. 1903 இன் மடல் முரசை விலக்கியபோது அது உலகத் திருச்சபை முழுவதற்கும் பொதுவாகவே விலக்கியது. நம் மண்ணில் அத்துடன் வேறொரு விலக்கும் சேர்ந்துகொண்டது. பறை ஆலயத்துக்கு ஏற்றதன்று என்று சொன்னோர் பலர், அதன் ஓசையை மட்டுமே எண்ணிச் சொல்லவில்லை. அதை அடிக்கும் கைகளையும் எண்ணியே சொன்னார்கள். அது சாவுக்கு உரியது, ஊருக்கு வெளியே இருப்போருக்கு உரியது என்றார்கள். பெரிடே மக்கள் அலகை என்றார்கள். நாம் தீட்டு என்றோம். சொல்தான் வேறு. ஊருக்கு வெளியே சிலுவையில் அறையப்பட்டவரின் பலியைக் கொண்டாடும் இடத்தில், ஊருக்கு வெளியே இருப்போரின் கருவிக்கு இடமில்லை என்பது எத்தகைய முரண்!

இதனால் எல்லா இசையும் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. திரைப்பட மெட்டை எடுத்து ஆண்டவர் பெயரை அதில் ஒட்டுவது ஆலய இசை ஆகாது; அங்கே கேட்போர் மனம் திரையைத்தான் நாடும். அகுஸ்தினாரின் அச்சத்தில் உண்மை உண்டு. ஆனால், ஓர் இசையை விலக்குமுன் நம்மை நாமே கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. இதில் எது எனக்கு இடறலாக இருக்கிறது? அது வழிபாட்டிலிருந்து மனத்தைத் திருப்புகிறது என்பதா? அல்லது, அது எனக்குப் பிடிக்காத மக்களிடமிருந்து வந்திருக்கிறது என்பதா? முதலாவது ஆயருக்குரிய விழிப்பு. இரண்டாவது பாவம்.

மாரிசனும் லிண்டாவும் தங்கள் தொகுப்பை ஹூக்கரின் ‘பூகி சில்லன்’ பாடலோடு முடிக்கின்றனர். இரவில் படுத்திருக்கும் ஒரு சிறுவன் பெற்றோர் பேசுவதைக் கேட்கிறான். அவனை ஆட விடு, அது அவனுக்குள்ளேயே இருக்கிறது என்று தந்தை தாயிடம் சொல்வதாக அப்பாடல் கூறுகிறது. ஹூக்கரின் வாழ்வில் தந்தையர் இருவர். பெற்ற தந்தை மறைப்போதகர். பக்திப் பாடலன்றி வேறெதையும் பிள்ளைகள் கேட்க விடாதவர். வளர்ப்புத் தந்தை ப்ளூஸ் கலைஞர். கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர். பாடலில் பேசுகிறவர் இரண்டாமவரின் சாயலில் இருக்கலாம். ஆனால், ஆலயத்தில் முதன்முதல் கேட்ட கறுப்பினப் பக்திப் பாடல்களின் ஏக்கம் ஹூக்கரின் குரலை விட்டு இறுதிவரை அகலவில்லை. அந்த இரு தந்தையரும் சேர்ந்தே அவரைப் பாடகராக்கினர்.

பங்குகளில் இளையோரை வழிநடத்தும் பெற்றோரும் ஆசிரியர்களும் அருள்பணியாளர்களும் இத்தொகுப்பை ஒருமுறையேனும் பொறுமையோடு கேட்கலாம். பாடுவோர் ஒருவர்க்கொருவர் செவி கொடுக்கும் பாடல்கள் எவை, தாளத்தோடு வெறுமனே ஓடும் பாடல்கள் எவை என்று பிரித்தறிவது நல்ல பயிற்சி. அப்பயிற்சி பெற்ற செவிகளோடு அடுத்த ஞாயிறு நம் சொந்தப் பாடகர் குழுவையும் கேட்போமாக.